வெள்ளச்சியின் குஞ்சும் துண்டு போட்ட கிருமிகளும்

ஒரு காட்டில் வெள்ளச்சி என்றொரு கோழி இருந்தாள். மண்புழுவைக்கூடக் குளத்தில் அலசி அலசித்தான் தின்பாள். அலசி முடிப்பதற்குள் பாதிப் புழுக்கள் நழுவித் தப்பித்துவிடும்.

அவளுக்குக் குஞ்சுகள் பொரித்தன. வெள்ளச்சி கூட்டைப் பெருக்கினாள், துடைத்தாள், ஒவ்வொரு குஞ்சின் காலையும் துடைத்தாள். அப்படியும் குஞ்சுகளுக்கு வயிற்றுக் கழிச்சல் கண்டது. எல்லாம் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கின. கடைக்குட்டி சுண்டுதான் ரொம்பத் துவண்டு கிடந்தான். போன தடவை பொரித்த குஞ்சுகளை அவள் இப்படித்தான் இழந்திருந்தாள்.

பதறிக்கொண்டு ஓணான் வைத்தியரிடம் ஓடினாள். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுபவர் அவர்.

"வைத்தியரே, வயிற்றில் கெட்ட கிருமியா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"மருந்து இருக்கிறதா?"

ஆட்டினார்.

"கசக்குமா?"

இன்னும் வேகமாக ஆட்டினார். "ஒரு கிருமி மிஞ்சாது, அம்மா. வயிறு பெருக்கித் துடைத்த மாதிரி ஆகிவிடும்."

பெருக்கித் துடைத்த மாதிரி என்றதும் வெள்ளச்சிக்கு உச்சி குளிர்ந்தது. மருந்தை வாங்கி வந்து எல்லாக் குஞ்சுகளுக்கும் புகட்டினாள். பிறகு சுண்டுவின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே சத்தமே இல்லை, காலி வீடு மாதிரி இருந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சுண்டு எழுந்து தரையில் கிடந்த ஒரு தானியத்தைக் கொத்தினான். உடனே வயிற்றுக்குள் பேச்சுக் குரல் கேட்டது.

"டேய், இங்கே யாருமே இல்லடா. எல்லா இடமும் காலி."

"அப்படியா? பெரியப்பா வீட்டையும் கூட்டிட்டு வா. காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

தானியத்தோடு உள்ளே போன கழிச்சல் கிருமிகள்தான் அவை. மறுபடி கழிச்சல். வெள்ளச்சி மறுபடி மருந்து கொடுத்தாள். வயிறு மறுபடி காலியாயிற்று. இந்த முறை கழிச்சல் கிருமிகள் அம்மி, ஆட்டுக்கல்லோடு வந்து இறங்கின. மேலும் ஒரு முறை மருந்து கொடுத்தாள். வயிறு காலியாயிற்று. ஆனால் சுண்டுவுக்குக் கண்ணைத் திறக்கவும் தெம்பில்லை. இன்னொரு முறை அவை வந்தால் அவன் தாங்கமாட்டான்.

அழுதுகொண்டே வெளியே வந்தவளை எருமை பார்த்தாள். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாதவள் அவள்.

"என்ன வெள்ளச்சி, கொண்டையெல்லாம் கறுத்துக் கிடக்கு?"

வெள்ளச்சி எல்லாவற்றையும் சொன்னாள். எருமை அசைபோட்டு முடித்துவிட்டு, ஒரு சட்டித் தயிரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"தவிட்டில் பிசைஞ்சு கொடு."

"புளிச்ச வாடை வருதே, அக்கா. இதில் கிருமி இருக்குமா?"

"இருக்கும்."

"கொஞ்சமா?"

"எக்கச்சக்கமா."

வெள்ளச்சி பின்னால் குதித்தாள். "கிருமியைத் துரத்தக் கிருமியா?"

"இதுங்க துரத்தாது. உட்காரும்."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்தே இருக்கும்."

"இதெல்லாம் ஒரு மருந்தா, அக்கா?"

"வயிறு காலியா இருக்கும்போதே கொடு. பிறகு காதை வச்சுக் கேளு."

வெள்ளச்சிக்கு வேறு வழி இல்லை. ஓர் இறக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு இறக்கையால் தயிர்த் தவிட்டைக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள். பிறகு சுண்டுவின் வயிற்றில் காதை வைத்துக் காத்திருந்தாள்.

கழிச்சல் கிருமி மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது.

"ஏய், கொஞ்சம் தள்ளி உட்காரு."

"இங்கே ஆள் வருது," என்றது ஒரு தயிர்க் கிருமி.

"எங்கே ஆள்? வெறும் துண்டுதானே கிடக்கு?"

"துண்டு போட்டவர் இப்ப வந்துடுவார்."

"அந்த ஓரத்து இடம்?"

"அது எங்க மச்சானுக்கு."

"சரி, நின்னுக்கிட்டாவது வர்றேன்."

"காலுக்குக் கீழே பாருங்க. அங்கேயும் துண்டு."

"பசிக்குதே. சாப்பிட ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இப்பத்தான் துடைச்சு நக்கினோம். முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே."

"அப்ப நான் எங்கேதான் போறது?"

"நேரா போங்க. பின்வாசல் வரும். இறங்கிக்கங்க."

சுண்டு கண்ணைத் திறந்தான். எழுந்து நின்றான். வாலைத் தூக்கினான்.

விழுந்த எச்சத்தை வெள்ளச்சி பார்த்தாள். தண்ணீராக ஓடவில்லை. உருண்டு திரண்டு, உச்சியில் வெள்ளைத் தொப்பி வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை அழகான எச்சத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. சற்று நேரத்தில் மற்றக் குஞ்சுகளும் ஆளுக்கொன்று போட்டுவிட்டு "கீச், கீச்" என்று இரை கேட்டன.

வெள்ளச்சி காட்டையே கூப்பிட்டுக் காட்டினாள். சுற்றிலும் பூ வைத்தாள். யாரும் மிதித்துவிடாமல் இருக்கக் காவலுக்கு நிற்க முடியுமா என்று ஓணானிடம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

கடைசியாக வந்து சேர்ந்த எருமை நிதானமாகக் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா துடைச்சுடு, வெள்ளச்சி. தொப்பி வச்சிருந்தாலும் அது எச்சம்தான்."

நீதி: தீயவர்களை விரட்டி இடத்தைக் காலியாக வைத்தால் அவர்களே திரும்பி வருவார்கள், நல்லவர்களை அங்கே உட்கார வை.