முக்காலியோட கெளம்புன மாமா

ஒரு ஊர்ல ஒரு மாமா இருந்தாரு. பேரு வையாபுரி. மிக்ஸி ரிப்பேர் பண்றவரு. என்னது, நானா? சே, அவருக்கு மீசை இருந்துச்சு. எனக்கு எங்க இருக்கு? நீ ம் கொட்டு, அது போதும்.

அந்த வையாபுரிக்கு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டுல, நல்ல கூட்டத்துல, நெஞ்சு படக்கு படக்குன்னு அடிச்சுக்கிச்சு. செத்தோம்னு நெனச்சாரு. டாக்டர் பார்த்துட்டு, உடம்புக்கு ஒண்ணுமில்ல, இது பயம், கொஞ்சம் கொஞ்சமா வெளிய போய்ப் பழகுங்கன்னாரு. மாமாவும் பழகுனாரு, வீட்டுக்குள்ளயே இருக்க. மொதல்ல பஸ்ஸை விட்டாரு. அப்புறம் கடைத்தெருவை விட்டாரு. அப்புறம் வாசப்படியவே விட்டாரு. யாராச்சும் கேட்டா, வேலை தலைக்கு மேல கெடக்குன்னு சொல்லுவாரு. கெடந்தது ரெண்டே ரெண்டு மிக்ஸி. ம்?

அப்போ அவரு தங்கச்சி கோமதியோட பாப்பாவுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில வச்சுத்தானே குத்துவாங்க? ரெண்டு தடவை நாள் குறிச்சாங்க. ரெண்டு தடவையும் மாமா காய்ச்சல்னு இழுத்துப் போத்திக்கிட்டாரு. மூணாவது தடவை கோமதி போன் பண்ணுச்சு. "அண்ணே, வர்ற ஆவணியில கோயில்ல குத்துறோம். நீ வரலேன்னா நம்ம பெரியப்பா மகன் மடியில உக்கார வைக்கச் சொல்றாங்க மாமியார். எனக்கு மனசு கேக்கல." மாமாவுக்கு அன்னிக்குச் சோறு எறங்கல.

வெளிய போய்ப் பழகிரணும்னு மறுநாளே கெளம்பிட்டாரு. கெளம்பும்போது யாராச்சும் எங்க போறீங்கன்னு கேட்டா என்ன செய்வோம்? திரும்பி வந்து, உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தானே போவோம்? மாமா படியில நின்னு, யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு பார்த்தாரு. பால்காரம்மா கேட்டாங்க. அப்பாடான்னு உள்ள வந்து மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டுப் படுத்துட்டாரு. அடுத்த நாள் எதிர்வீட்டுக்காரர் கேட்டாரு. மூணாம் நாள் தெருவுல ஈ காக்கா இல்ல. என்ன செஞ்சாரு தெரியுமா? எங்கடா வையாபுரி போறன்னு தன்னைத் தானே கேட்டுக்கிட்டு உள்ள வந்துட்டாரு. சிரிக்காத, தூக்கம் போயிரும்.

அவரு பொண்டாட்டி சிந்தாமணி இதையெல்லாம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு முக்காலியையும் சொம்புத் தண்ணியையும் கொண்டாந்து தெருவுல வச்சாங்க. "உக்காந்து தண்ணி குடிக்கணும், அவ்வளவுதானே? உள்ள வந்துதான் குடிக்கணும்னு யாரு சொன்னது?" மாமா தெருவுலயே உக்காந்து குடிச்சாரு.

அப்புறம் முக்காலியைத் தூக்கிக்கிட்டு கரண்டுக் கம்பம் வரைக்கும் போனாரு. படக்கு படக்கு! முக்காலியப் போட்டுட்டு ஓடியே வந்துட்டாரு. மறுநாள் அதே கம்பம். இந்தத் தடவை உக்காந்துட்டாரு. ஒரு மடக்கு தண்ணி, ஒரு மெதுவான மூச்சு. இதோ சாகப் போறோம்னு காத்துக்கிட்டு இருந்தாரு. சாவு வரல, தெரு நாய்தான் வந்து பக்கத்துல படுத்துச்சு. கால் மணி நேரத்துல நெஞ்சு அடங்கிருச்சு. ஓடாம இருந்தா பயமே களைச்சுப் போயிரும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பத்து நாள்ல டீக்கடை வரைக்கும் போயிட்டாரு. போற எடமெல்லாம் முக்காலியோட போனா ஊரு சும்மா இருக்குமா? மூல வியாதியா அண்ணேன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டாரு. பயம்னு சொல்றதுக்கு மூலம் கௌரவமா இருந்துச்சு. ம் சொல்லு.

கம்பம் ஆச்சு, டீக்கடை ஆச்சு, மூணாவது பஸ்ஸு. சீட்டு இத்தனை காலியா இருக்கே, முக்காலி எதுக்குன்னாரு கண்டக்டர். ரெண்டாவது ஸ்டாப்புலயே எறங்கிரலாம்னு மாமா எந்திரிச்சாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, அடி, நல்லா அடின்னு நெஞ்சுகிட்ட சொல்லிட்டு மறுபடி உக்காந்துட்டாரு.

ஆவணியில, காது குத்துற அன்னிக்கு, கோயில்ல கூட்டமோ கூட்டம். டும் டும்னு மேளம். பாப்பாவை மாமா மடியில வச்சாங்க, ஆசாரி ஊசிய எடுத்தாரு. அப்போ வந்துச்சு பாரு, பஸ் ஸ்டாண்டுல வந்ததைவிடப் பெருசா. எந்தப் பக்கம் ஓடலாம்னு கண்ணு வழி தேடுச்சு. ஆனா மடியில பாப்பா இருக்கே, எப்படி எந்திரிப்பாரு? பாப்பா அவரு விரலை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "பயமா இருக்கு மாமா"ன்னுச்சு.

"எனக்கும்தான்டா கண்ணு"ன்னாரு.

அதுவரைக்கும் அந்த வார்த்தையை அவரு யாருகிட்டயும் சொன்னதில்ல. சுருக்! பாப்பா வீல்னு கத்துச்சு. மாமா அதைவிடப் பெருசா கத்துனாரு.

பயம் போயிருச்சான்னா, அதான் இல்ல. நாளைக்குக் காலையில உன்னை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறப்பவும் லேசா அடிச்சுக்கும். கூட்டிட்டுப் போயிருவேன்.

கதை கண்ணை மூடிருச்சு. நீயும் மூடு.