கூரியின் இடத்தில் ஒரு கல்

ஒரு காட்டில், மேட்டில் ஓர் ஏரியும் பள்ளத்தில் முப்பத்தொரு விலங்குகளும் இருந்தன. ஏரிக்கரை என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது, பிள்ளைகளே. அதனால் மாதம் ஒருமுறை ஒத்திகை நடக்கும். நெடுவாலன் என்ற குரங்கு குரல் கொடுத்ததும் எல்லோரும் கரும்பாறை மேல் ஓடி ஏற வேண்டும். அங்கே அவன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். "இருக்கிறேன்" என்று பதில் வர வேண்டும்.

கூரி என்ற முள்ளம்பன்றிக்குக் கண் தெரியாது. முதல் ஒத்திகைக்கு அவளும் புறப்பட்டாள். நெடுவாலன்தான் தடுத்தான்.

"உனக்கெதற்கு அக்கா இந்த அலைச்சல்? நீ இடறி விழுந்தால் எங்களுக்கு மனசு கேட்காது."

"நிஜமாகவே கரை உடைந்தால் நான் எப்படி வருவேன்?"

"அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் இல்லையா?"

கூரி இல்லாமல் எண்ணிக்கை முப்பதில் நின்றது. நெடுவாலனுக்கு அது உறுத்தியது. ஓர் உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து அவள் இடத்தில் வைத்தான். அவள் பெயர் வரும்போது, பக்கத்தில் நிற்கும் முயல் "இருக்கிறாள்" என்று சொல்லிவிடும். மழை தூறினால் அந்தக் கல்லின் மேல் ஓர் இலையைக்கூடப் போட்டுவைக்கும். நாளடைவில் அது கல் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று. கூரியிடம் இதை யாரும் சொல்லவில்லை. ஒத்திகை நாட்களில் அவள் புதரடியில் உட்கார்ந்து, காடு காலியாவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசியில் ஒரு நண்பகல். நாலு நாள் மழைக்குப் பின் மூடுபனி இறங்கியிருந்தது. நெடுவாலனின் குரல் கேட்டது. குளம்படிகள் அவளைத் தாண்டிப் போயின. ஒத்திகைதானே என்று கூரி அசையாமல் இருந்தாள்.

பிறகு அவள் பாதங்களை ஏதோ குளிர்ச்சியாக நக்கியது. தண்ணீர்.

எழுந்தாள். பாறை எந்தப் பக்கம்? ஒருநாளும் நடந்து பழகாத வழி. அப்போது உயரத்தில் எங்கோ பெயர்கள் கேட்டன. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கடைசியில் பாறை மூக்கில் இடித்தது. ஈரத்தில் வழுக்கியது, எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை.

"கூரி?" என்று மேலே கூப்பிட்டான் நெடுவாலன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இருக்கிறாள்."

அவள் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன. நான் இங்கே நிற்கிறேன் என்றால் அங்கே இருப்பது யார்? ஒருவேளை தண்ணீர் என்னை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டதோ?

கீழே இருக்கிறேன் என்று கத்தினாள். மேலே சலசலப்பு எழுந்தது. முப்பத்தொன்றும் சரியாக இருக்கிறதே, கீழே பேசுவது யார் என்று கேட்டது நரி. செத்த ஏதோ ஒன்று தெரிந்த குரலில் கூப்பிடுகிறது, யாரும் பதில் கொடுக்காதீர்கள் என்றது மான். கூரி முட்களை உதறிக் கலகலவென்று ஒலி எழுப்பினாள். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

தண்ணீர் வயிற்றைத் தொட்டது. கூரி ஒரு கணம் நிதானித்தாள்.

"சரி, நான் பேய்தான். உங்கள் பக்கத்தில் இருக்கிற கூரியை ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். போய்விடுகிறேன்."

வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முயல் அழத் தொடங்கியது.

காட்டெருமை இறங்கி வந்தது. வந்தும் என்ன? முள் குத்துமே, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னைத் தூக்க வேண்டாம், தம்பி. வாலை நீட்டு, பல்லால் பிடித்துக்கொள்கிறேன். நீ மெதுவாக ஏறினால் போதும். கேட்டிருந்தால் இதை முதல் மாதமே சொல்லியிருப்பேன்."

தண்ணீர் அவள் முகவாயை எட்டியபோது இருவரும் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

உச்சியில் நெடுவாலன் கல்லை உருட்டிக் கீழே தள்ளினான். அது தண்ணீரில் விழுந்த சத்தம் மிக அருகில் கேட்டது. மறுபடி முதலிலிருந்து பெயர்களைக் கூப்பிட்டான். அவள் முறை வந்தது.

"கூரி?"

முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கேட்டது.

"இருக்கிறேன்," என்றாள்.

நீதி: தப்பிக்கும் வழி யாருக்குக் கடினமோ, அவரிடம் கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு அந்த வழியில் முன்பே நடந்து பழகு; இரக்கப்பட்டு விட்டுச் செல்வதும் கைவிடுவதே.