உறையாத தயிர்

மீன் பண்ணை முதலாளி தண்டாயுதத்துக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. குளக்கரையில் மேலும் கீழும் நடந்தபடியே ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். மீன் வயிற்றுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்த் தூளை, தவிடும் புண்ணாக்கும் கொதிக்கிற அண்டாவில் தினமும் தன் கையாலேயே கொட்டுவார்.

தீவனம் கிண்டுகிற காசாம்புவுக்கு ஒருநாள் பொறுக்கவில்லை. "ஆறட்டுங்க மொதலாளி. அது உசுருள்ள தூளாமே! ரெண்டு மாசமா இப்படிக் கொட்டுறீங்க, கெண்டை ஒரு விரக்கடைகூட வளரலை."

"நீ மீன் வயித்துக்குள்ள போய்ப் பாத்தியா? நாளைக்கு மீன் வியாபாரி வர்றாரு. அவர் முன்னால என் தப்பை என் வாயாலயே சொல்ல வை. முடியலேன்னா வேலையை விட்டுப் போயிடு!"

மறுநாள் மதியம் வியாபாரியோடு சாப்பிட உட்கார்ந்தார். சமையலும் காசாம்புதான். தயிர் கேட்டார். அவள் சட்டியைச் சாய்த்தாள். சோற்றில் வெறும் பால் ஓடியது.

"என்ன இது?"

"விடியக்காலையிலேயே உறை ஊத்திட்டேனுங்க. பால் கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்."

"கூறு கெட்டவளே! கொதிக்கிற பால்ல ஊத்தினா உறை செத்துப்போகாதா? ஆறவிட்டு ஊத்தணும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

வாசலில் தீவன அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. காசாம்பு தூள் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். பணிவாகக் கேட்டாள்.

"அப்ப இதை இப்பவே கொட்டிடட்டுங்களா, மொதலாளி?"

வியாபாரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்டாயுதம் கைகூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினார். அன்றைக்கு அண்டா ஆறும்வரை முறத்தால் விசிறியது காசாம்பு இல்லை.