மடை காத்த நண்டும் மீன்கொத்தியும்

காட்டுக்குள் ஒரு குளம். குளத்தின் நடுவே இருந்த மேட்டில் நீர்க்கோழி ஒன்று அடைகாத்தது. நல்ல இடம்தான். தண்ணீர் ஏறினால் முட்டை மிதந்துவிடும். இறங்கினால் கீரி நடந்தே வந்துவிடும். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கரையிலிருந்த மடை நண்டின் பொறுப்பு. களிமண்ணைத் தோண்டினால் திறக்கும், அப்பினால் மூடும். பக்கத்துக் கல்லில் ஒரு வெள்ளைக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றால் முட்டைக்கு ஆபத்தில்லை. நண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மீன்கொத்தி பறந்து வந்தது. "நண்டண்ணே! மலையில மழை கொட்டுது! மடையைத் திறங்க!"

"முதல்ல கோடு முழுகட்டும்! கண்ணால பாக்காததை நான் நம்புறதில்லை!"

கோடு முழுகியது. நண்டு உடனே தோண்டியது; உடனே என்றால், நண்டுக்கு உடனே. வெள்ளம் காத்திருக்கவில்லை. முட்டை ஒன்று மிதந்து போயிற்று. நீர்க்கோழி பின்னாலேயே நீந்தித் தேடியது. கிடைக்கவில்லை. நேரே மடைக்கு வந்தது.

"இனிமே மடை மீன்கொத்திகிட்ட!" என்றது. நண்டு முறைத்துக்கொண்டு வளைக்குள் போனது.

அடுத்த மழைக்கு மீன்கொத்தி முன்கூட்டியே அலகால் மடையைத் தோண்டித் திறந்தது. "இவ்வளவு மழைக்கு இவ்வளவு திறப்பு! என் கணக்கு தப்பாது!" என்று கிளையில் அமர்ந்து இறகு கோதியது. குளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்குக்கு அவமானம் என்பது அதன் கொள்கை.

மழை பெய்தது உண்மைதான். ஆனால் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையின் கரையை யானைகள் மிதித்து உடைத்திருந்தன. பாதித் தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டது. திறந்த மடை வழியே குளம் வற்றியது.

கீரி சேற்றில் கால் வைத்து, "வரலாமா?" என்று மரியாதையாகக் கேட்டது. பதிலுக்கு நிற்காமல் வந்தது. நீர்க்கோழி கொத்தியும் கத்தியும் பயனில்லை. கீரி ஒரு முட்டையோடு போனது.

நீர்க்கோழி இருவரையும் கூப்பிட்டது. "உங்க கௌரவத்துக்குக் குடுக்க எங்கிட்ட இனிமே முட்டை இல்லை! மழைச் சேதி தெரிஞ்சதும் மீன்கொத்தி திறக்கட்டும். நண்டு கோட்டைப் பாத்து, கூடக்குறைய இருந்தா சரி பண்ணட்டும்!"

"என் கணக்கை இவர் திருத்தறதா?" என்றது மீன்கொத்தி.

"இவன் பேச்சைக் கேட்டு நான் மடையை விடறதா?" என்றது நண்டு.

"அப்ப நீங்களே அடைகாத்துக்குங்க!" என்றது நீர்க்கோழி.

மீன்கொத்தி மலைப்பக்கம் பறந்தது. நண்டு மடையை அடைத்தது. ஓடையின் கசிவில் குளம் மெல்லக் கோட்டுக்கு வந்தது.

மறுபடி மழை. மீன்கொத்தி கத்திக்கொண்டே வந்து மடையைத் திறந்தது. வெள்ளம் வந்தபோது குளம் தயாராக இருந்தது. ஆனாலும் தண்ணீர் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கியது. நண்டு ஒரு பிடி களிமண் அப்பியது. தண்ணீர் கோட்டைச் சற்றுத் தாண்டியது. நண்டு கொஞ்சம் சுரண்டியது. தண்ணீர் கோட்டில் நின்றது.

கரைக்கு வந்த கீரி தண்ணீரைப் பார்த்தது, தன் ரோமத்தைப் பார்த்தது, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டது. மிச்சமிருந்த முட்டைகள் பொரிந்தன. நீர்க்கோழி அழுதேவிட்டது.

வரப்போவதை அறிந்து முன்கூட்டியே செயல்படுவதோடு, செய்ததன் பலனைப் பார்த்துத் திருத்திக்கொள்பவருக்கே காரியம் கைகூடும்.