ஒற்றைக் கால் விளம்பரம்

சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யானாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும்!

அல்லிக்குளத்து நகராட்சிக்குத் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு ஆமையும் நண்டும் போட்டி.

"மடையை மூடியே வைப்பேன்!" என்றது ஆமை.

"மடையைத் திறப்பேன்! ஆளுக்கொரு சேற்று மனை!" என்றது நண்டு.

தேர்தல் அதிகாரி தவளை பவளக்கொடி தன் தலைப்பிரட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் வடிந்தால், கால் முளைக்காத அவள் பிள்ளைகள் எங்கே ஓடும்? ஆனாலும் அதிகாரி கட்சி பேசக் கூடாதே!

அந்தக் குளத்தில் ஒரு விதி. போட்டியிடாதவரும் கரைச் சேற்றில் விளம்பரம் எழுதலாம். ஆனால் அடியில் தன் கால்தடத்தைப் பதிக்க வேண்டும். அடுத்தவர் தடத்தைப் பதித்தால் விளம்பரத்தை அழித்து, ஆளையும் ஊரறியச் சொல்லிவிடுவார்கள்.

ஒருநாள் விடிந்தால் கரை முழுக்க எழுத்து! 'நண்டுக்கே உங்கள் ஓட்டு! இப்படிக்கு, குளத்து நலம் விரும்பிகள்.' அடியில் எல்லாம் வாத்தின் கால்தடம்.

"வாத்தக்காவே சொல்லிட்டா! அப்புறம் என்ன?" என்று மீன்கள் துள்ளின.

பவளக்கொடி வாத்தைப் பிடித்தாள். "யக்கா, உனக்கு எழுதத் தெரியுமா?"

"எனக்கா? காலை வைன்னாரு, வச்சேன். ஒரு வாய் நெல்லு குடுத்தாரு."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் தாயி!"

பவளக்கொடி கரையோரம் தத்தித் தத்திப் பார்த்தாள். எழுத்துக்குப் பக்கத்தில் எல்லாம் நீள விரல் பதிந்த ஆழக் குழி. அத்தனையும் வலது கால். இடது காலையே காணோம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கோமதிநாயகம் அண்ணாச்சி!" என்று கொக்கைக் கூப்பிட்டாள். "இது உங்க காலா?"

"சிவ சிவா! எனக்கு எதுக்கு தாயி அரசியல்?"

"அப்ப இந்தக் குழிகிட்ட வந்து கொஞ்சம் நில்லுங்களேன்!"

கொக்கு முறைத்துக்கொண்டு வந்து, இரண்டு காலையும் அகல ஊன்றி நின்றது. குளமே வேடிக்கை பார்த்தது. வெயில் ஏறியது. கொக்குக்குக் கண் சொக்கியது. பழக்கம் விடுமா? இடது கால் தானாக மேலே போனது! வலது கால் சேற்றில் வழுக்கி, குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது!

"அடேயப்பா! மடை திறந்தா யாருக்கு விருந்துன்னு இப்பல்லா புரியுது!" என்று கத்தியது கெண்டை.

விளம்பரங்கள் அழிந்தன. ஆமை ஜெயித்தது. நண்டே ஆமைக்குத்தான் ஓட்டுப் போட்டது. கொக்குக்கு நண்டும் பிடிக்குமே!

ஒருவரைப் புகழும் விளம்பரத்தைக் கண்டால், புகழ்கிறவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

கதை சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், தயவுசெய்து என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்!