துரு இறங்காத ஆவுடையப்பன்

வெறுங்குளத்தில் யாருக்கும் மூளை இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது அபாண்டம். மூளை இருந்தது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் விவசாயிகள் சங்கத் தலைவர் ஆவுடையப்பன். எதைக் கேட்டாலும் நெற்றியைச் சுருக்குவார். அந்தச் சுருக்கத்துக்காகவே அவரைத் தலைவராக்கியிருந்தார்கள்.

ஒருநாள் மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி நம்ம உடம்புக்குள்ளயும் ஒரு சேதாரம் நடக்குது. தக்காளி, மாதுளை, பீட்ரூட் மாதிரி சிவப்புக் காய், பழத்துல அதைத் தடுக்க உதவுற சத்து இருக்கு. ஆன்டி ஆக்சிடன்ட்னு பேரு. தினமும் அளவா சேத்துக்குங்க. தக்காளியை எண்ணெய் விட்டு வதக்கினா இன்னும் நல்லது."

ஆவுடையப்பன் நெற்றியைச் சுருக்கினார். வெளியே வந்ததும் சங்கத்தைக் கூட்டினார். சங்கம் என்றால் அவரோடு சேர்த்து நாலு பேர்.

"நம்ம உடம்பு இரும்பாம்வே. உள்ள பூரா துருவாம்."

"எண்ணெய்னு சொன்னப்பவே நெனச்சேன் அண்ணாச்சி," என்றார் பொருளாளர் கோமதிநாயகம். "இரும்புக்குத்தான எண்ணெய் விடுவோம்?"

"அளவான்னு சொன்னாவளே, எது அளவு?" என்றார் செயலாளர் சுடலைக்கண்ணு.

ஆவுடையப்பன் யோசித்தார். "கழுத்து வரைக்கும். அதுக்கு மேல போனா வெளிய வந்துரும்லா?"

நால்வரும் அன்றைக்குக் கழுத்து வரைக்கும் பீட்ரூட் தின்றார்கள். மறுநாள் காலை குளத்தங்கரைப் பக்கம் ஒதுங்கிய கோமதிநாயகம் அலறினார். "சிவப்பா போவுதுவே!" சுடலைக்கண்ணுவுக்கும் அப்படியே. நாலாவது ஆளான வேலாண்டிக்கும் அப்படியே. புத்தியுள்ளவன் பயந்திருப்பான். இவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"துரு இறங்குதுவே!"

ஆவுடையப்பனுக்கு மட்டும் வழக்கம்போலத்தான் போயிற்று.

அவருக்கு அவமானமாகிவிட்டது. மறுநாள் இரண்டு மடங்கு தின்றார். ஒன்றும் இறங்கவில்லை. தலைவருக்குத் துரு கெட்டிப்பட்டுவிட்டது என்று ஊர் பேசியது. துரு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அவர் மனைவி சண்முகவடிவு தோசைக்கல்லைப் பரணில் ஏற்றினாள். சுடலைக்கண்ணு கண்ணாடி முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கிப் பழகுகிறார் என்ற சேதியும் வந்தது. அன்றைக்கு ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

வேலாண்டிதான் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு உப்புத்தாளோடு வந்தான். "தேய்ச்சா கிளம்பிரும் அண்ணாச்சி." படுக்கவைத்து வயிற்றில் தேய்த்தான். தலைவர் பல்லைக் கடித்தார். தோல் சிவந்தது.

"பாத்தியளா, துரு மேல வருது!" என்று மூவரும் கைதட்டினார்கள். எரிச்சல் தாங்காமல் ஆவுடையப்பன் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

அங்கே இருந்த அதே டாக்டரம்மா களிம்பு தடவியபடியே தலையில் அடித்துக்கொண்டார். "அது பீட்ரூட் சாயம்யா. சிலருக்கு அப்படிப் போகும், சிலருக்குப் போகாது. உங்க உடம்புல துருவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போங்க."

நால்வரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள்.

"இரும்புன்னா துரு இல்லாம இருக்குமாவே?" என்றார் சுடலைக்கண்ணு.

கோமதிநாயகத்தின் கண் விரிந்தது. "அண்ணாச்சி இரும்பே இல்லவே. எவர்சில்வர்!"

ஆவுடையப்பனுக்குக் கண்ணீர் முட்டியது. நேரே எதிரிலிருந்த பாத்திரக் கடைக்குப் போனார்.

"பேர் வெட்டணும்."

கடைக்காரர் மெஷினை எடுத்தார். "பாத்திரம் எங்க?"

"நான்தான்."

மற்ற மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். முப்பது வருஷ வியாபாரி அவர், முகம் மாறவில்லை. "எங்க வெட்டணும்? வெளியிலயா, அடியிலயா?"

நால்வரும் ஓரமாகப் போய் வெகுநேரம் ஆலோசித்தார்கள். பேர் இல்லாவிட்டால் கல்யாணப் பந்தியில் தலைவர் மாறிப்போய்விடுவார். வெளியில் வெட்டினாலோ தலைக்கனம் என்று ஊர் பேசும்.

"அடியில," என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டு, ஆவுடையப்பன் திரும்பி நின்று குனிந்தார்.