தண்ணி மெஷினும் வியாழக்கிழமை விரதமும்

பவானி ஆற்றோரம் ஒரு சின்ன மடம். மொத்தம் பதினோரு பேர். மத்தியானம் யார் வந்தாலும் இலை போட்டுச் சோறு வைப்பார்கள்.

வியாழக்கிழமை மட்டும் அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. புதன் சாயங்காலம் விளக்கு வைத்து மணி அடித்தால் பேச்சு நின்றுவிடும். வெள்ளிக்கிழமை விடிந்து மணி அடித்தால்தான் திரும்ப வரும். எழுதிக் காட்டுவதும் பேச்சுதான் என்று முந்தைய குரு பெரியசாமி காலத்திலேயே சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போதைய குரு வேலாத்தா சாமி. நாற்பத்திரண்டு வயசுப் பெண்மணி. நூல் மில்லில் பதினெட்டு வருஷம் நின்றவர். அந்த இரைச்சலில் பேசிப் பிரயோசனமில்லை என்று பேச்சைக் குறைத்துக்கொண்டவர், வெளியே வந்த பிறகும் கூட்டிக்கொள்ளவில்லை.

சீடர்களில் ஒருவர் அவினாசியப்பன். வயசு அறுபத்தொன்று. முப்பத்தாறு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் குருவைச் 'சாமி' என்பார், குரு அவரை 'அண்ணா' என்பார். வாதம் பண்ணிப் பழகிய நாக்கை அடக்கத்தான் அவர் மடத்துக்கு வந்தார். வாரத்தில் ஒரு நாள் நன்றாகவே அடங்கியது. அந்த ஒரு நாளுக்கும் சேர்த்து மீதி ஆறு நாள் பேசினார்.

ஆனாலும் விரதத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. நூற்றைம்பத்தொரு வியாழக்கிழமை, ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த வருஷக் காலண்டரில் ஒரு டிக் போட்டு வைத்திருந்தார்.

இப்படிப்பட்ட மடத்துக்கு ஒரு புண்ணியவான் தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். ஒரு வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு உள்ளே இருக்கிற பில்டரை மாற்றச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை 'கீங்'. வியாழக்கிழமை மடமே அடங்கிக் கிடக்கும்போது அது ஒன்றுதான் பேசிக்கொண்டிருக்கும்.

மெஷின் அவினாசியப்பன் செல்போன் நம்பரில் பதிவாகியிருந்தது. புகார் கொடுக்கிற பொறுப்பும் அவருடையதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் மடத்தில் குறை சொல்கிற நேரம். மறுநாள் பேச முடியாது என்பதால் மனசில் இருப்பதையெல்லாம் அன்றைக்கே கொட்டிவிடுவார்கள். நாலாவது புதன்கிழமை அவினாசியப்பன் நாலு பக்க மனு ஒன்றோடு வந்து உட்கார்ந்தார்.

"சாமி, கம்பெனி முதலாளிக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கறேன். நீங்க தலையாட்டினா நாளைக்கே தபால்ல போட்டுருவேன்."

குரு கையைக் காட்டினார், படியுங்கள் என்று.

அவர் படித்தார். மூன்று புதன்கிழமை போனில் புகார் பதிவு செய்தார். மூன்று தடவையும் மறுநாள் கம்பெனி ஆள் போனில் கூப்பிட்டார். மூன்று தடவையும் அவர் முதல் மணியிலேயே எடுத்தார். மூன்று தடவையும் ஆள் வராமலே 'உங்கள் புகார் முடிக்கப்பட்டது, நட்சத்திரம் வழங்குங்கள்' என்று செய்தி வந்தது. மூன்று தடவையும் அவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்.

"வியாழக்கிழமை அன்னைக்கேவா நட்சத்திரம் குடுத்தீங்க?" என்றாள் சமையல்கட்டு மருதாயி. மணி அடிக்கிறவளும் அவள்தான்.

"விரல்ல அமுக்கறது பேச்சுல சேராது. எழுத்துலயும் சேராது. பெரியசாமி உத்தரவை நல்லாப் படிச்சுப் பாரு."

"ஆத்தங்கரையில உக்காந்துக்கிட்டுத் தண்ணிக்கு மெஷினு. அந்த மெஷினுக்கு நாலு பக்கம் மனு."

"நீ சும்மா இரு. கேளுங்க சாமி. மூணும் ஒரே மாதிரி நடந்திருக்குது. அப்ப மூணுக்கும் காரணம் ஒண்ணாத்தான் இருக்கோணும். மூணு மெசேஜுலயும் வர்ற பேரு எது? கோகிலவாணி. அந்தப் பொண்ணு வேலைக்கு லாயக்கில்லை, எடுத்துருங்கன்னு எழுதியிருக்கறேன்."

குரு ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் 'கீங்' என்றது.

அந்த நேரத்துக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. முப்பது வயசுப் பெண் ஒருத்தி இறங்கினாள். நீலச் சட்டை, தோளில் பை, சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர்.

"அவினாசியப்பன் சார் வீடு இதுங்களா?"

"வீடில்லை, மடம். நீ யாரம்மணி?"

"கோகிலவாணிங்க. தண்ணி மெஷின் சர்வீஸ்."

மருதாயி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"வேலை எதுவும் இன்னைக்கு உங்க பேர்ல எனக்குக் குடுக்கலைங்க. நானாத்தான் வந்தேன்" என்றாள் கோகிலவாணி. "மூணு ஒத்தை நட்சத்திரமும் உங்ககிட்டயிருந்துதானுங்க வந்திருக்குது. நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்?"

"என்ன தப்பா? கூப்பிட்டாயில்ல? வந்தாயா?"

"கூப்பிட்டா யாரும் பேசலைங்களே. மூச்சு மட்டும் வருது. ஹலோ, ஹலோங்கறேன், பின்னாடி 'கீங்'ங்குது. மூணாவது தடவை எனக்குப் பயமாவே போச்சுங்க."

"வியாழக்கிழமை எப்படியம்மணி பேசறது?"

"ஏனுங், வியாழக்கிழமைக்கு என்ன?"

மருதாயிதான் விளக்கிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "புதன்கிழமை புகார் குடுத்தா இவங்க வியாழக்கிழமைதானே கூப்பிடுவாங்க! மூணுக்கும் காரணம் ஒண்ணுன்னீங்களே குமாஸ்தா அண்ணா, ரொம்பச் செரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க!"

பத்துப் பேர் சிரித்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? சட்டத்துக்குள் போய் நின்றுகொள்வான். அவினாசியப்பனும் நின்றுகொண்டார்.

"சிரிக்கறதுக்கு முன்னால யோசிக்கோணும். போனை எடுத்திருக்கறேன். எடுத்தா ஆள் இருக்கறான்னு அர்த்தம். ஆள் இருந்தா வரோணுமா இல்லையா?"

"வர முடியாதுங்க. கூப்பிடறது நான்தான், ஆனா பேச்சை ஆபீஸ்ல பதிவு பண்ணுவாங்க. உங்க வாயால 'வா'ன்னு சொன்னாத்தான் என் பேர்ல வேலை ஏறும். இல்லாட்டி நான் ஒரு பட்டனை அமுக்கோணும். பேசினார், பேசவில்லை, ரெண்டே பட்டன்தான். பேசவில்லைன்னு அமுக்கினாப் புகார் தானா முடிஞ்சுரும். மூச்சு விட்டார்னு ஒரு பட்டன் இல்லைங்க."

"இல்லாதது கம்பெனி தப்பு."

"இருக்கலாமுங்க. ஆனா நட்சத்திரம் என் பேர்ல விழுகுது."

அவினாசியப்பன் குருவின் பக்கம் திரும்பினார். "சாமி, நீங்களே சொல்லுங்க. என் பேச்சுல ஏதாவது ஓட்டை இருக்குதுங்களா?"

குரு பேசவில்லை.

"பாத்தீங்களா? ஒரு மறுப்பு இல்லை. சாமி என் பக்கம்."

அவருக்கே அது போதவில்லை. "அப்ப கடுதாசியை அனுப்பிடட்டுங்களா சாமி?"

குருவின் புருவம் நெரிந்தது. வாய் திறக்கவில்லை.

"கோபம். முகத்தைப் பாருங்க. கம்பெனி மேல சாமிக்கு அவ்வளவு கோபம்."

கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன சாமி, இந்தப் பொண்ணை மன்னிச்சு விட்டுறலாம்னு நெனைக்கறீங்களா?"

குரு கண்ணை மூடிக்கொண்டார். தாடை மட்டும் மெல்ல அசைந்தது.

அவினாசியப்பன் குரலைத் தாழ்த்தி எல்லோருக்கும் சொன்னார். "ஜபம். உள்ளுக்குள்ள ஓடுது. நாம சத்தம் போடக் கூடாது."

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோகிலவாணியும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'கீங்' என்றது மெஷின்.

குரு ஒரு விரலை வாய்க்குள் விட்டு, கடைவாய்ப் பல்லில் எதையோ நெம்பி எடுத்தார்.

"கமர்கட்டு அண்ணா" என்றார். "மத்தியானம் சாப்பிட வந்த ஒரு குழந்தை கையில வெச்சுட்டுப் போச்சு. நீங்க மனுவைப் பிரிச்சப்ப வாயில போட்டேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள கரைஞ்சுரும்னு பாத்தேன், பல்லுல ஒட்டிக்கிச்சு. என்னமோ கேட்டீங்களே, என்ன கேட்டீங்க?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மருதாயிகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவினாசியப்பன் கையிலிருந்த நாலு பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏம்மணி, இப்ப நான் என்ன செய்யோணும்?"

"நாளையோட மாசம் முடியுதுங்க. என் மார்க்கு மூணரைக்குக் கீழ நிக்குது. அப்படியே நின்னா ராத்திரியோட என் ஐ.டி.யை முடக்கிருவாங்க, வேலை போயிருமுங்க. எங்க ஆபீஸ்ல நான் ஒருத்திதானுங்க பொம்பளை. பொம்பளைக்கு இந்த வேலை ஆகாதுன்னு சொன்ன வாயெல்லாம் காத்துக்கிட்டிருக்குது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாளைக்கு ஒரு வேலை நல்லபடியா முடிஞ்சு அஞ்சு நட்சத்திரம் விழுந்தா தப்பிச்சுக்குவேனுங்க."

"இப்பவே மாத்திட்டுப் போயேன்."

"புகார் இல்லாம பில்டரைக் கையில குடுக்க மாட்டாங்க. இப்பப் பதிஞ்சா நாளைக்குக் காலையில நான் கூப்பிடுவேன். 'வரலாம்'னு சொல்லோணும். வேலை முடிஞ்சதும் ஆபீஸ்ல கூப்பிடுவாங்க, அதுக்கும் பதில் சொல்லோணும். உங்க நம்பர்லதான்."

"நாளைக்கு வியாழக்கிழமை."

"ஆமாங்க. இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

அவினாசியப்பன் போனை எடுத்துப் புகாரைப் பதிந்தார். கோகிலவாணி கும்பிட்டுவிட்டு, நம்பியும் நம்பாமலும் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். மருதாயி மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விளக்கு வைத்தாகிவிட்டது.

"சாமி" என்றார் அவர் அவசரமாக. "நாளைக்கு நான் பேசலாமுங்களா, கூடாதுங்களா?"

"புகார் யார் பேர்லண்ணா இருக்குது?"

"என் பேர்லதானுங்க."

மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. குரு முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவினாசியப்பன் முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஹலோ, சார்? கோகிலவாணி பேசறேனுங்க."

அவர் காலண்டரைப் பார்த்தார். இதுவரை மொத்தம் நூற்றைம்பத்தொரு டிக். குருவைப் பார்த்தார். குரு ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"சார்... வரலாங்களா?"

மூச்சு வாங்கியது. பின்னால் 'கீங்'.

"சார்?"

"வரலாம்."

துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி வந்தது அந்தக் குரல். சமையல்கட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. குரு நிமிரவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோகிலவாணி வந்தாள். நல்ல உச்சி வெயில். மெஷினைப் பிரித்தாள், பழுப்பேறிக் கிடந்த பில்டரைக் கழற்றினாள், புதுசு மாட்டினாள், கழுவிவிட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மெஷின் அடங்கியது. மடத்தில் காற்று அசைவது காதில் விழுந்தது.

ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள்.

"வேலை முடிஞ்சுதாங்க சார்?"

"முடிஞ்சுது."

"உங்களுக்குத் திருப்திங்களா?"

"திருப்தி."

போனை வைத்துவிட்டு ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அமுக்கினார். கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்க சார்" என்றாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார், திரும்ப விரதத்துக்குள் போயாகிவிட்டது என்று. அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து மணி அடித்ததும் அவினாசியப்பன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு குரு முன்னால் வந்து நின்றார். கையில் காலண்டர்.

"சாமி, அந்தப் பொண்ணுக்கு ஐ.டி. தப்பிச்சிருச்சாம். மெசேஜ் வந்துச்சுங்க."

"நல்லதுண்ணா."

"என் விரதம் போச்சுங்க. என்ன தண்டனைன்னு சொல்லுங்க."

குரு சும்மா இருந்தார். இந்தத் தடவை அவினாசியப்பன் அவர் வாயை உற்றுப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

"ஆனா சாமி, ஒண்ணைக் கவனிக்கோணும். நாள் முழுக்க நான் பேசினது மூணே வார்த்தைங்க. வரலாம். முடிஞ்சுது. திருப்தி. மூணும் கேட்ட கேள்விக்குப் பதில். நானா ஒரு வார்த்தை எடுக்கலை. அந்தப் பொண்ணு நன்றின்னு சொல்லுச்சு, அதுக்குக்கூட நான் வாய் திறக்கலை. அதனால முழுசாப் போச்சுன்னு சொல்ல முடியாது." காலண்டரை நீட்டினார். "நேத்துக்கு ஒரு அரை டிக் போட்டுக்கலாமுங்களா?"

"பொண்ணு எத்தனை மணிக்கண்ணா வந்துச்சு?"

"பன்னெண்டரைங்க."

"போனது?"

"ஒன்றரைங்க."

"அந்நேரம் இங்க என்ன நடக்கும்?"

"பந்தி நடக்குமுங்க. நேத்து மூணு வரிசை."

"சாப்பிட்டுச்சா?"

அவினாசியப்பன் நீட்டிய காலண்டரைக் கீழே இறக்கினார்.

"மூணு பேசுனது பேசுனீங்க" என்றார் குரு. "சாப்பிடுன்னு நாலாவதா ஒண்ணு பேசியிருக்கலாமேண்ணா."